கௌசியை எந்த டொக்டரிடம் காட்டுவது

தம்பி,

சுகம் விசாரித்துத் தொடங்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். நேற்றுப் பின்னேரம் போனில் என் மேல் பாய்ந்த பாய்ச்சலிலேயே அது தெரிந்தது. போனில் உன்னோடு கதைத்து முடிக்க முடியாது. நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்பாய், அந்த இரண்டு ஓமுக்கும் நடுவில் உன் லொறியின் ஹோர்ன் கேட்கும், பிறகு சிக்னல் இல்லை என்பாய். ஆகையால் எழுதுகிறேன். எழுதி முடிந்ததும் அப்பாவைக் கொண்டு பக்கம் பக்கமாகப் படம் எடுப்பித்து அனுப்புவேன். அவர் எடுக்கிற படங்களில் பாதியில் அவருடைய பெருவிரல் விழுந்திருக்கும், பொறுத்துக்கொள். லொறியை ஓரமாக நிற்பாட்டிவிட்டு ஒரு எழுத்து விடாமல் வாசி.

நீ பயந்துகொண்டிருக்கிற விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓம், நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும், உன் பெண்சாதி கௌசியை நான் முந்தநாள் யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போய் அந்த ஹோர்மோன் டொக்டரிடம் காட்டினேன். அவளுக்குத் தைரொயிட் வருத்தம் கலியாணத்துக்கு முந்தியே இருக்கிறது என்பதும், அதை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நீதான் அவளுக்குச் சொல்லிவைத்தாய் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். வருகிற கிழமை கொழும்பில் நீ சனல் பண்ணி நேரம் எடுத்து வைத்திருக்கிற அந்தத் தொண்டை வெட்டுகிற நிபுணரிடம் அவளை நான் கொண்டு போகப் போவதில்லை. பதிந்தது நீ, நீயே நிற்பாட்டு. வயிற்றில் பிள்ளை இருக்கிறது. இன்றைக்குக் காலை வரைக்கும் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

போன வருடம் நீ லீவில் வந்து நின்றுவிட்டுப் போன பிறகு முதல் பிள்ளை உண்டானது தெரிந்தபோது நான் என்ன செய்தேன் என்று உனக்கு முழுதும் தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று உனக்கும் அவளுக்கும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தானே. கிளினிக்கில் பதிந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும், ஸ்கான் எடுக்கப் போனால் பஸ்ஸில் யாராவது காணுவார்கள் என்று பயம். அவளை நான் கூட்டிக்கொண்டு போனது எங்கள் பழைய டொக்டரிடம் மட்டும்தான். உனக்குக் குழந்தையில் நெருப்புக்காய்ச்சல் வந்து, நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிடந்தபோது உன்னைக் காப்பாற்றிய அதே மனிசன். அவருடைய கைராசியை நான் உயிர் இருக்கும்வரை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு இப்போது கண் மங்கல், காதும் மட்டு. அவளுடைய கழுத்தைப் பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லை. "சத்துக் குறைவு" என்று ஒரு பாணி மருந்து எழுதித் தந்தார். மூன்றாம் மாதம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்தப் பிள்ளை போய்விட்டது. யாருக்கும் சொல்லாத பிள்ளைக்கு யாரிடம் போய் அழுகிறது. நானும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதோம்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். சண்டைக்குள் எங்களுக்கு ஒரு டொக்டர்தான் இருந்தார். பல்லுப் பிடுங்குவதும் அவர், பிள்ளை பிறப்பிப்பதும் அவர், காயத்துக்குள்ளிருந்து செல் துண்டு எடுப்பதும் அவர். எந்த டொக்டர் என்ற கேள்வியே இல்லை, இருக்கிறாரா ஓடிவிட்டாரா என்பதுதான் கேள்வி. இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு தெருவில் நின்று பார்த்தால் பெயர்ப்பலகை பெயர்ப்பலகையாகத் தொங்குகிறது. தெரிவு செய்யப் பழகாத சனங்கள் நாங்கள். அதனால் என்ன செய்கிறோம் தெரியுமோ, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எங்களுக்கு என்ன முறை என்று கேட்டுத்தான் டொக்டரைப் பிடிக்கிறோம், மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. நானும் அப்படி. கனடாவில் இருந்துகொண்டு நீயும் அப்படி. உன்னுடைய சிநேகிதனின் அண்ணைக்குத் தெரிந்தவர் என்பதைத் தவிர அந்தக் கொழும்புச் சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி உனக்கு வேறு என்ன தெரியும், சொல் பார்ப்போம். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். கெட்டிக்காரத் தச்சனிடம் கொண்டுபோய்த் தண்ணிப் பம்பைத் திருத்தச் சொல்வதில்லையே நாங்கள்.

நீ திரும்பவும் லீவில் வந்து போய், இந்த முறை பிள்ளை உண்டானதும் நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மருத்துவமாதுவிடம் உடனே பதிந்தேன். பெயருள்ள பிள்ளைப்பேற்று டொக்டரிடம் காட்டினேன். என்னைப்போல மருமகளைத் தாங்குகிற மாமி புத்தூரில் இல்லை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். விடியக்காலை அவள் கண் விழிக்க முந்தி, நல்ல பசுப்பாலில் கட்டித் தேத்தண்ணி ஊற்றிக் கட்டிலடியில் கொண்டுபோய் வைப்பேன். குடித்து முடிந்த கையோடு கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் தவறவிடவில்லை. அப்பாவுக்கு நான் அப்படி ஒரு நாளாவது தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனா என்று அவரிடம் கேள். அவர் சிரிக்கிற சிரிப்பு வேலியைத் தாண்டிக் கேட்கும்.

டொக்டரிடம் போனாலும் நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். இதுவும் நீ அறிந்ததுதானே, எங்கள் மாமிமார் அப்படித்தான், மருமகளுக்குக் கேட்கிற கேள்விக்கு எங்களுக்குத்தான் வாய் முந்தும். "சாப்பாடு எப்பிடி?" என்று டொக்டர் அவளைக் கேட்டால் நான் சொல்வேன். "நித்திரை வருதோ?" என்றால் நான் சொல்வேன். முதல் நாள் அவர், "வேறை ஏதும் குளிசை பாவிக்கிறீங்களோ?" என்று கௌசியைப் பார்த்துக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திவிட்டேன். "இல்லை டொக்டர், எங்கடை வீட்டிலை உந்தக் குளிசைப் பழக்கமே இல்லை, சுகதேகியான பிள்ளை" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வாய் திறந்து மூடியதை நான் கண்டேன் தம்பி. கண்டும், பிள்ளை கூச்சப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லப் போய்விட்டேன்.

பிறகு அவளுடைய முகம் ஊதத் தொடங்கியது. பிள்ளைத்தாய்ச்சி முகம் என்று நினைத்தேன். தலைமுடி கைக்குள் வந்தது. எண்ணெய் போதவில்லை என்றேன். நடுப்பகலில், புழுதி பறக்கிற வெயிலில், போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடந்தாள். "என்ன பிள்ளை, மத்தியானத்திலை போத்துக்கொண்டு கிடக்கிறாய், ஆராவது கண்டா என்ன நினைப்பினம்?" என்று கேட்டேன். "குளிருது மாமி" என்றாள். எனக்குள் கோபம்தான் வந்தது. இணுவிலில் தாய் இவளை வேலை பழக்காமல் வளர்த்துவிட்டாள் என்று அப்பாவிடம் முறைப்பட்டேன். அந்தக் கதை அவளுடைய காதில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும்தானே.

பிள்ளைப்பேற்று டொக்டர்தான் கெட்டிக்காரர். இரண்டாம் முறை போனபோது என்னைப் பார்க்காமல் அவளுடைய கழுத்தைப் பார்த்தார். எழும்பி வந்து கையால் தடவிப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போட் வந்ததும் அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். "இதிலை தைரொயிட் ஹோர்மோன் நல்லாக் குறைஞ்சு போச்சுது. இது பிள்ளைக்கும் கூடாது, தாய்க்கும் கூடாது. ஹோர்மோன் பாக்கிற டொக்டரிட்டை இந்தக் கிழமையே காட்டுங்கோ. பிள்ளைப்பேறு நான் பாப்பன், ஆனா இது அவையின்ரை அலுவல்" என்றார். இவ்வளவு பெரிய மனிசன் தனக்கு இது முழுதும் தெரியாது என்கிறாரே என்று எனக்கு அன்றைக்கு அவர் மேல் ஒரு இளக்காரம் கூட வந்தது. இப்போது அவரைக் கண்டால் கும்பிடலாம் போல இருக்கிறது.

அன்றைக்குப் பின்னேரமே உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய். "அம்மா, கழுத்து வீங்கியிருக்கெண்டா தொண்டை டொக்டர்தான். யாழ்ப்பாணத்திலை ஒருத்தரிட்டையும் காட்ட வேண்டாம், ஊர்ச்சனம் காணும். உந்த ஹோர்மோன் டொக்டர்மார் எல்லாம் சீனி வருத்தத்துக்குப் பாக்கிற ஆக்கள்" என்றாய். ஏதோ வீடியோ பார்த்தாயாம். லொறி ஓட்டுகிற நீ வீடியோ பார்த்துத் தைரொயிட்டும் படித்துவிட்டாய், நல்லது. அப்பாவும் உன் பக்கம்தான். "இஞ்சரப்பா, சீனி இல்லாத பிள்ளையை ஏன் சீனி டொக்டரிட்டை இழுக்கிறாய்?" என்றார். அந்த டொக்டரின் பெயர்ப்பலகையில் நீரிழிவு என்றுதான் பெரிதாக எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே ஹோர்மோன் என்று சின்னதாக. நாங்கள் பெரிய எழுத்தை வாசித்துவிட்டுத் திரும்பி வருகிற ஆட்கள். நானும் இரண்டு மூன்று நாள் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தேன். இந்தக் கிழமையே என்று சொன்ன மனிசனின் சொல் ஒரு பக்கம், மகனின் சொல் ஒரு பக்கம்.

பிறகு ஒரு நாள் காலையில் குசினிக்குள் போனேன். கௌசி திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவலின் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், இருந்தபடியே தூங்கிவிட்டாள். தேங்காய்ப் பாதி கையிலிருந்து உருண்டு கிடக்கிறது. தலை முன்னுக்குச் சரிந்து, அந்தத் திருவலைப் பல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் நெற்றி. நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு முன்னுக்கு விழுவாள் என்று பயம். மெல்லப் பின்னால் போய்த் தோளைப் பிடித்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்து, "திருவி முடிக்கிறன் மாமி, கோவிக்காதையுங்கோ" என்றாள். அந்த "கோவிக்காதையுங்கோ" என்னைக் கொன்றுவிட்டது. அன்றைக்கே போன் பண்ணி, கிடைத்த முதல் நேரத்துக்கு அந்த ஹோர்மோன் டொக்டரைச் சனல் பண்ணினேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நிற்பாட்டியிருப்பாய்.

அங்கே போய் இருந்தால் வரிசை முழுக்கச் சீனி வருத்தக்காரர்கள்தான், காலில் கட்டோடும் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடும். நீ பயந்தது போலவே எங்கள் ஊர்ப் பொம்பிளை ஒருத்தியும் இருந்தாள். பெயர் எழுதினால் நீ போன் பண்ணிச் சண்டை பிடிப்பாய், ஆகவே எழுதவில்லை. "என்ன, மருமகளுக்கு இந்த வயதிலையே சீனியே? பிள்ளைத்தாய்ச்சி போலையும் கிடக்கு?" என்று வாய் நிறையக் கேட்டாள். கௌசி என்னுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "அவளுக்கில்லை, எனக்குத்தான் சீனி. துணைக்கு வந்தவள்" என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு ஒரு சந்தோசம், கெட்டித்தனமாகத் தப்பிவிட்டேன் என்று. இப்போது பார், நேற்றும் இன்றும் இரண்டு வீட்டிலிருந்து பாவற்காய் வந்திருக்கிறது. உன் அப்பா அதை வறுத்துத் தின்றுகொண்டு என்னுடைய சீனி எப்படி என்று விசாரிக்கிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு யோசித்தேன், அதிலும் நான் அவளை ஒளிக்கத்தானே பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை இருந்தாள், கௌசியை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். நான் அவளை நேர்ஸ் என்று நினைத்து, "டொக்டர் எப்ப வருவார் பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். "நான்தான் அம்மா" என்று சிரித்தாள். எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. இதற்கோ நான் மகனோடு பகைத்துக்கொண்டு வந்தேன் என்று நினைத்தேன். வழக்கம்போலப் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு கதையைத் தொடங்கினேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியிலை இருங்கோ" என்றாள். "நான் இவவின்ரை மாமி" என்றேன். "ஓம், விளங்குது. முதல்லை இவவோடை தனியக் கதைக்கவேணும். பிறகு உங்களைக் கட்டாயம் கூப்பிடுவன்" என்றாள். குரலில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை, ஆனால் இளகவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே விட்ட பிள்ளை மாதிரி வெளியே வந்து நின்றேன். கோபத்தில் காது சுட்டது. கதவு நெடுநேரம் திறக்கவில்லை. எங்களோடு நாலு நிமிசத்தில் முடித்துவிடுகிற டொக்டர்மாரைத்தான் நான் கண்டிருக்கிறேன். இவள் என்ன கதைக்கிறாள், என்னுடைய மருமகளுக்கு என்னிடம் சொல்லாத என்ன கதை இருக்கிறது என்று நின்ற நிலையில் பொருமினேன்.

என்ன கதை இருந்தது என்று உனக்குத்தான் முந்தியே தெரியுமே. என்னை உள்ளே கூப்பிட்டபோது கௌசி அழுது முடித்திருந்தாள். "நீங்களே மாமிக்குச் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?" என்று டொக்டர் கேட்டாள். கௌசிதான் சொன்னாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிற காலத்திலிருந்தே இந்த வருத்தம் இருக்கிறதாம். அப்போது தந்த அளவிலேயே இன்றைக்கும் குளிசை போடுகிறாளாம். கலியாணத்துக்குப் பிறகு ஒரு டொக்டரிடமும் காட்டவில்லை. இணுவிலுக்குப் போகிற நேரம் பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பாமசியில் வாங்கிக்கொண்டு வருகிறாளாம். வெறுவயிற்றில் போட வேண்டிய குளிசை. ஆனால் அவள் கண் முழிக்க முந்தி என்னுடைய பால் தேத்தண்ணி வந்து நிற்கிறதே. குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பேன். ஆகவே தேத்தண்ணியையும் குடித்து, என் கண்ணுக்கு முன்னால் இரும்பையும் கல்சியத்தையும் விழுங்கி, நான் அறையை விட்டுப் போன பிறகு ஓடிப்போய் இந்தக் குளிசையைப் போட்டிருக்கிறாள். "பாலும் இரும்பும் கல்சியமும் சேர்ந்தா இந்தக் குளிசையை உடம்பு எடுக்காது அம்மா. போட்டும் போடாத மாதிரித்தான். பிள்ளை வயித்திலை இருக்கேக்கை கூடின அளவும் வேணும். இவவுக்குக் குறைஞ்சுகொண்டே போயிருக்குது" என்று டொக்டர் சொன்னாள். நான் ஊட்டி ஊட்டியே அந்த மருந்தை அழித்திருக்கிறேன். டொக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும், திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

இது என்ன வருத்தம் என்று கேட்டேன். உடம்பில் காவலுக்கு இருக்கிற சக்தியே கழுத்திலிருக்கிற இந்தச் சுரப்பியை எதிரி என்று நினைத்து அரிக்கிறதாம். "காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக் கோழியைப் பிடிக்கிற மாதிரியோ?" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "ஓம் அம்மா, சரியாச் சொன்னீங்கள். நாயை ஒண்டும் செய்யேலாது. கோழி போடாத முட்டையைத்தான் நாங்கள் குளிசையாக் குடுக்கிறம்" என்றாள். தொண்டை வெட்ட வேண்டாமோ என்று உன்னுடைய கேள்வியையும் கேட்டேன், நீ நம்பாவிட்டாலும். "கட்டி ஏதும் சந்தேகமா இருந்தா, இல்லாட்டி வீக்கம் மூச்சை நெரிச்சா, அந்த டொக்டரிட்டை நானே அனுப்புவன். இப்ப வெட்டுறதுக்கு இதிலை ஒண்டும் இல்லை" என்றாள். வயிற்றுப் பிள்ளைக்கு முதல் மாதங்களில் சொந்தமாக இந்த ஹோர்மோன் ஊறாதாம், தாயிடம் வாங்கித்தான் மூளை வளருமாம். அதைக் கேட்டபோதுதான், வருகிற கிழமை கொழும்புக்கு என்று நீ சொன்னதை நினைத்து, நான் ஆடிக்கொண்டிருந்த நாட்களை விரல்விட்டு எண்ணினேன்.

போன முறை பிள்ளை போனதும் இதனால்தானோ என்று கேட்டேன். "தெரியாது அம்மா. இதாலையும் இருக்கலாம், வேறை காரணமும் இருக்கலாம். தெரியாததைத் தெரியும் எண்டு நான் சொல்ல மாட்டன்." இந்தப் பிள்ளை தங்குமோ என்றேன். "அதையும் சொல்லேலாது. குளிசையைக் கூட்டியிருக்கிறன். நாலு கிழமையிலை திருப்பி இரத்தம் பாப்பம். பிள்ளை பிறக்கும்வரைக்கும் அடிக்கடி பாக்கவேணும். பிள்ளைப்பேற்று டொக்டரோடை இண்டைக்கே கதைக்கிறன்." எனக்கு முன்னாலேயே போனை எடுத்து அவரோடு கதைத்தாள். தம்பி, இவ்வளவு வயதுக்குள் நான் ஆயிரம் டொக்டர்மாரிடம் போயிருப்பேன், ஒரு டொக்டர் இன்னொரு டொக்டருக்குப் போன் எடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகவே நீ அங்கே இருந்துகொண்டு இனி எனக்கு டொக்டர் பிடித்துத் தராதே. என்றைக்கோ ஒரு நாள் அவள் கனடாவுக்கு உன்னிடம் வந்துசேருவாள். அப்போது நீதான் அவளுக்கு டொக்டர் தேடப் போகிறாய், அதற்காகச் சொல்கிறேன். வருத்தம் உடம்பில் எந்த இடத்தில் தெரிகிறது என்று பார்த்துப் போகாதே, அது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தவரிடம் போ. இந்த வருத்தத்தைக் கிழமைக்குக் கிழமை பார்க்கிற ஆளா, வருடத்துக்கு ஒருக்காலா என்று வாய் திறந்து கேள், வெட்கப்படாதே. எங்கள் ஊரா, எங்கள் ஆளா என்பது கோயில் திருவிழாவுக்கு உதவும், இதற்கு உதவாது. அவள் என்னென்ன குளிசை, எத்தனை மணிக்கு, எதோடு போடுகிறாள் என்று கேட்காத டொக்டர் எவ்வளவு பெரியவரானாலும் எழும்பி வந்துவிடு. அடுத்த முறை எப்போது இரத்தம் பார்ப்பது என்று சொல்லாமல் அனுப்புகிறவரும் வேண்டாம். உன்னை வெளியே இருக்கச் சொல்கிறாரா, கோவிக்காமல் வெளியே போய் இரு. எனக்கு அது எவ்வளவு கசப்பு என்று சொல்லிவிட்டேன், உனக்கும் கசக்கும். அவளைக் கேட்கிற கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும்.

இவ்வளவும் சொன்னது உனக்குக் கோபம் வந்தாலும் விளங்கும். இனி எழுதப்போவதுதான் என்னை முந்தநாள் முதல் தின்னுகிறது. டொக்டரிடம் காட்டிவிட்டுப் பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் நாங்கள் இருவரும் இருந்தோம். பருத்தித்துறைப் பஸ் வரச் சுணங்கியது. கௌசி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "மாமி, இந்தப் பிள்ளையும் தங்காட்டி என்னை இணுவிலுக்கு அனுப்பிப்போடுவீங்களோ?" என்று கேட்டாள். "விசர்க்கதை கதைக்காதை" என்று அதட்டினேன், அதட்டத்தானே எனக்குத் தெரியும். "உனக்கு ஆர் அப்பிடிச் சொன்னது?" என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. இவர் ஒவ்வொரு நாளும் போனிலை, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். அதிலையே எனக்கு விளங்கினது, தெரிஞ்சா என்ன நடக்கும் எண்டு" என்றாள்.

நீ எனக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னாய், அது எனக்குத் தெரியும். நான் உன்னை அப்படி வளர்த்திருக்கிறேன், அந்தப் பழியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவளுக்குக் கேட்டது வேறு. தன்னிடம் ஏதோ ஒரு பழுது இருக்கிறது, அது வெளியே தெரிந்தால் தனக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றுதான் அவளுக்குக் கேட்டது. அந்தப் பயத்தில்தான் அவள் டொக்டருக்கு முன்னால் திறந்த வாயை மூடினாள். அந்தப் பயத்தில்தான் பால் தேத்தண்ணியையும் குடித்தாள். அவளுடைய கழுத்தை மட்டும் வைத்தியம் பார்த்து இது சுகப்படாது தம்பி.

பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகு, சனத்துக்கு நடுவில், என்னுடைய பதிலை நான் அவளுக்குச் சொன்னேன். "பிள்ளை தங்கினாலும் தங்காட்டிலும் நீ எங்கடை வீட்டுப் பிள்ளை. உன்னை அனுப்புறதெண்டா முதல்லை என்னை அனுப்பவேணும்" என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் முகம் தெளியவில்லை. ஏன் தெளியவில்லை என்று புத்தூர்ச் சந்தியில் இறங்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கேட்க நினைத்தது என்னையல்ல. உன்னைக் கேட்கப் பயந்துதான் என்னைக் கேட்டாள்.

இந்தப் பிள்ளை தங்குமோ தங்காதோ, டொக்டராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியாது. அது தங்கினாலும் தங்காவிட்டாலும் அவளை நீ வைத்திருப்பாயா என்பதை உன்னால் இன்றைக்கே சொல்ல முடியும். அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லு. அவள் கேட்கும்வரை காத்திருக்காதே, அவள் கேட்க மாட்டாள்.

அம்மா